வெக்கையில் சென்ட் நிற்பதில்லை: சென்னைக்கு என்ன வழி?

பெரம்பூர்_கார்த்தி | #1

சிட்ரஸ் வகை ஈ.டி.டி. (ஓ டி டாய்லெட்) சென்ட், 100 மி.லி. பாட்டில். காலை 8 மணிக்கு மணிக்கட்டில் ரெண்டு, கழுத்தில் ரெண்டு ஸ்ப்ரே. 10 மணிக்கெல்லாம் ஒண்ணுமே தெரியல. போக வர பைக், வேலை முழுக்க ஏசி ரூம். நெட்ல தேடினா வாசலின் தடவுங்கறாங்க, கிளிசரின் கலக்கச் சொல்றாங்க, புது பாட்டிலை ஒரு மாசம் இருட்டுல வைங்கறாங்க. இதுல எது உண்மையிலேயே வேலை செய்யும்? வாசம் தூக்கலாவும் இருக்கணும், சாயங்காலம் வரை நிக்கவும் வேணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆவியழுத்தம் | #2

கார்த்தி, நீங்கள் கேட்கும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. தோலிலிருந்து ஆவியாகிக் கிளம்பும் பங்குதான் மூக்குக்கு எட்டும். தோலிலேயே தங்கியிருப்பது மணக்காது. வேகமாக ஆவியானால் வாசம் தூக்கல், ஆனால் சீக்கிரம் காலி. மெதுவாக ஆவியானால் நாள் முழுக்க இருக்கும், பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஒரே இடத்தில் அடித்து இரண்டையும் வாங்க முடியாது. இடத்தைப் பிரிக்க வேண்டும்: தூக்கலுக்குச் சூடான தோல், நிற்பதற்குத் துணி. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற யோசனைகளைப் பாருங்கள்.

அடுத்தது பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசத்தில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். மூலக்கூறு எடை 136தான், அதனால் சீக்கிரம் ஆவியாகும். எந்தப் பூச்சு பூசினாலும் அது தோலில் வெகுநேரம் தங்காது. கேலக்ஸோலைடு என்ற செயற்கைக் கஸ்தூரியின் எடை 258. துவைத்துக் காய்ந்த துணியில்கூட மணப்பது இந்த ரகம்தான். அடியில் இப்படிக் கனமான சரக்கு இருந்தால்தான் நிற்கவைக்க ஏதாவது இருக்கும். வாசனை எண்ணெயின் செறிவு பொதுவாக கொலோனில் 2–4 சதவீதம், ஈ.டி.டி.யில் 5–15, ஈ.டி.பி.யில் (ஓ டி பர்ஃபம்) 15–20, எக்ஸ்ட்ரே என்ற மிகச் செறிவான வகையில் 20க்கு மேல். இதெல்லாம் சட்டம் போட்ட அளவு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டில் மேல் இருக்கும் மூன்று எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சந்தனமும் கஸ்தூரியும் அடியில் உள்ள ஈ.டி.டி., வெறும் சிட்ரஸ் ஈ.டி.பி.யைத் தாண்டி நிற்கும்.

வெயிலின் பங்கும் பெரிது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகைப் பொருள்களின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. பைக்கில் எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால், ஆபீஸ் வாசலுக்கு வரும்போது உங்களிடம் இருப்பது மெதுவாக ஆவியாகும் அடி வாசம் மட்டும்தான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனது வாசமா, அல்லது உங்கள் மூக்கு பழகிவிட்டதா? தொடர்ந்து ஒரே வாசத்தில் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். விடுமுறை நாளில் வழவழப்பில்லாத கெட்டித்தாளில் ஒரு ஸ்ப்ரே, பருத்திக் கைக்குட்டையில் ஒன்று, முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒன்று அடியுங்கள். தாளையும் கைக்குட்டையையும் வேறு வேறு அறையில் வையுங்கள். 1, 3, 6 மணி நேரத்தில் வீட்டில் வேறு ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு 6 மணி நேரத்திலும் தெரிந்தால் உங்கள் பாட்டிலில் குறை இல்லை. தாளில் இருந்து தோலில் இல்லை என்றால் தோலைக் கவனிக்க வேண்டும். மூன்றிலும் இல்லை என்றால் அந்த பாட்டிலில் நிற்கிற சரக்கு இல்லை. அதற்கு வாசலின் வாங்கியும் பலனில்லை.

சிலருக்குக் குறிப்பிட்ட சில கஸ்தூரிகள் பிறவியிலேயே தெரியாது. அதனால் இரண்டு பேரைக் கேட்பது நல்லது. நடுநடுவே காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். வெறும் காற்றை இழுப்பதற்கு மேல் அதில் பயன் கிடையாது.

நெய்தல் | #3

தோல் பற்றி நான் சேர்க்கிறேன். வறண்ட தோலில் வாசனை எண்ணெயைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. ஏசியில் 8 மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு சென்னையில் இருந்தாலும் தோல் வறண்டுதான் கிடக்கும்.

குளித்துத் துவட்டி, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாசனை சேர்க்காத லோஷன் பூசுங்கள். இரண்டு கை, மார்பு, கழுத்துக்குச் சேர்த்து 2–3 மி.லி. போதும். 5 நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு அடங்கியதும் 10–15 செ.மீ. தள்ளிப் பிடித்து ஸ்ப்ரே. ஈரத்தோலில் நேராக அடித்தால் ஓடிவிடும். மேலே சட்டை போடும் முன் ஒரு நிமிடம் காயவிடுங்கள், இல்லையென்றால் பாதியைச் சட்டை துடைத்து எடுத்துவிடும்.

வாசலின் வேலை செய்யும். ஆனால் நம் ஊர் வெக்கையில் கழுத்திலும் மார்பிலும் பூசினால் வேர்வை அடைபட்டு வேர்க்குரு வரும். பூசத்தான் வேண்டும் என்றால் ஓர் இடத்துக்குப் பச்சைப்பயறு அளவு, அதுவும் காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில் மட்டும். அதன்மேல் அடித்த சென்ட் கூடுதல் நேரம் இருக்கும், வீச்சு குறையும். #2-இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அதன் வாசம் சிட்ரஸைக் கெடுக்கும்.

மணிக்கட்டை விட்டுவிடுங்கள் கார்த்தி. கையால் சாப்பிட்டு சோப்புப் போட்டுக் கழுவுகிற நமக்கு அது பொருத்தமான இடமே இல்லை. வாட்ச் பட்டை வேறு உரசும். பிடரி, மார்பு, முழங்கை மடிப்பு ஆகியவைதான் நல்ல இடங்கள்.

பவுடர் போட்ட இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். வேர்க்கும் இடத்தில் பவுடர், மற்ற இடத்தில் சென்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அக்குளில் சென்ட் அடிக்கவே கூடாது. எரிச்சல் வரும், வேர்வையோடு கலந்து நாற்றம் ஆகும். அங்கே வாசனையில்லாத ஆன்டிபெர்ஸ்பிரன்ட் (வேர்வையைக் குறைக்கும் பூச்சு), அதுவும் இரவில் உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாகப் பிடிக்கும்.

பெரம்பூர்_கார்த்தி | #4

நன்றி சார், நன்றிங்க நெய்தல். மணிக்கட்டு விஷயம் சரியாப் புரிஞ்சுது. மூணு சந்தேகம்: ரெண்டு மணிக்கட்டையும் வச்சுத் தேய்ச்சா மூலக்கூறு உடையும்னு சொல்றாங்களே? கிளிசரின் கலக்கலாமா? இருட்டுல வைக்கிறது?

ஆவியழுத்தம் | #5

தேய்ப்பதால் மூலக்கூறு உடையாது. கைச்சூட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. தேய்க்கும்போது சூடேறும், சென்ட் அகலமாகப் பரவும், அதனால் முதலில் எழும் மேல் வாசம் விரைவாகப் போகும். தேய்க்க வேண்டாம் என்ற அறிவுரை சரி, சொல்லும் காரணம்தான் தவறு.

கிளிசரின் கூடாது. அது ஆல்கஹாலில் கரையும், ஆனால் வாசனை எண்ணெய்களை அது பிடித்துவைக்காது. தோலில் பிசுபிசுக்கும், ஸ்ப்ரே முனையை அடைக்கும். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெயை பாட்டிலில் விட்டால் கரையவே கரையாது, தனியாகப் பிரிந்து நிற்கும்.

இருட்டில் ஒரு மாதம் ஊறவைப்பதைக் கம்பெனியே செய்துதான் அனுப்புகிறது. வாங்கிய பாட்டில் அதனால் வலுவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்களே எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தால் 2–4 வாரம் ஊறுவதில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் இருட்டும் குளிர்ச்சியும் கெடாமல் காக்கும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் லிமோனீனையும் லினலூல் என்ற இன்னொரு வாசனைப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். வாசம் மட்டமாவதோடு தோல் ஒவ்வாமைக்கும் அது காரணமாகும். பைக் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ பாட்டிலை வைக்காதீர்கள். பீரோவுக்குள், அதன் அட்டைப்பெட்டியோடு இருக்கட்டும்.

கொள்ளிடக்கரை | #6

துணிதான் உண்மையான விடை, இத்தனை பேர் எழுதியும் அதை யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. துணியில் உடல் சூடு குறைவு, வேர்வை நேராகப் படாது. தோலில் 2 மணி நேரம் நின்ற அதே சென்ட் பருத்திச் சட்டையில் மாலை வரை இருக்கும். மேல் வாசம்கூடச் சற்று அதிக நேரம் கேட்கும்.

எங்கே அடிப்பது என்பது முக்கியம். சட்டையைத் திருப்பி, உள்பக்கம் மார்புப் பகுதியில் 20 செ.மீ. தள்ளி இரண்டு ஸ்ப்ரே. இரண்டு நிமிடம் ஹேங்கரில் காயட்டும், பிறகு போடுங்கள். இஸ்திரி போட்ட பிறகு அடியுங்கள். அடித்துவிட்டு இஸ்திரி போட்டால் மேல் வாசம் எல்லாம் சூட்டோடு போய்விடும். காலரில் வேண்டாம், வேர்வையும் அழுக்கும் சேர்ந்து மஞ்சள் கட்டும்.

வெள்ளைச் சட்டையில் மிகுந்த கவனம் தேவை. வெனிலா சேர்ந்த சென்ட் நாளாக ஆகப் பழுப்பாகும், அதற்குக் காரணம் வெனிலின். ஆரஞ்சுப்பூ வகைகளிலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் ஆல்டிஹைடும் சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்துவிட்டுச் சட்டைக்குப் போங்கள்.

பாலியஸ்டர் கலந்த துணி இன்னும் அதிக நேரம் பிடித்துவைக்கும்.

நெய்தல் | #7

பாலியஸ்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய்ப் பசையை அது விடாமல் பிடிக்கும் என்பது சரி. உடம்பின் எண்ணெய்ப் பசையையும் அதே பிடி பிடிக்கும். நேற்றைய சென்ட், நேற்றைய வேர்வை, இன்றைய சென்ட் என்று மூன்றும் கலந்து வருவதுதான் சென்னை பஸ்ஸில் நாம் முகர்வது. வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள் கரைத்து அரை மணி ஊறவைத்துத் துவைத்தாலும் பருத்தி அளவுக்குச் சுத்தமாகாது. பருத்தியே போதும்.

கொள்ளிடக்கரை | #8

வேர்வை படுகிற மேல்சட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. ஏசி அறையில் மட்டும் போடும் பிளேசர் மாதிரி வெளித்துணிக்கு நான் சொன்னது நிற்கும். அங்கே உடம்பின் பசை படுவதில்லை.

மண்ணடி_அத்தர் | #9

கார்த்தி தம்பி, எல்லாரும் மேலே அடிக்கிறதைப் பத்தியே பேசறாங்க. அடியில ஒரு தளம் போடுங்க. சிட்ரஸுக்கு நல்ல தளம் வெட்டிவேர் அத்தர், இல்லேன்னா சந்தனம். ரெண்டும் மெதுவா கிளம்புற சரக்கு. கண்ணாடிக் குச்சியால காதுக்குப் பின்னாடி ஒரு தொடு, மார்புல ஒரு தொடு. அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே இடத்துமேல உங்க சிட்ரஸ் ஸ்ப்ரே. மேல எலுமிச்சை அடங்கும்போது கீழ வெட்டிவேர் எழும்பும். ரெண்டுக்கும் நடுவுல வெற்றிடம் தெரியாது. அத்தரை அதிகமாப் போட்டா சிட்ரஸ் அமுங்கிடும். குச்சி நுனியில ஒட்டுறது மட்டும் போதும், சொட்டு விடாதீங்க.

அத்தர்ல ஆல்கஹால் இல்ல, அதனால அது தூக்கி அடிக்காது. பத்தடி தள்ளி நிக்கறவருக்குத் தெரியணும்னு அத்தரை வாங்கி ஏமாறாதீங்க. பஞ்சுல ஒரு சொட்டு தோய்ச்சு காது மடிப்புல வைக்கிறது பழைய முறை. தோல்ல நேரா படாம, சூட்டுல மெல்ல மெல்ல வாசம் விடும். சட்டைக் கறையும் ஆகாது.

சரக்கு பார்த்து வாங்கணும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ்ல தேக் பப்காங்கற வடிக்கிற முறையில பூவைச் செப்பு அண்டாவுல வச்சு ஆவியை மூங்கில் குழாய் வழியா சந்தன எண்ணெய்ல இறக்குவாங்க. 2014ல அதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தன எண்ணெயே அங்க நிறுத்திவைக்கிற சரக்கு. இப்ப சந்தனம் விக்கிற விலைக்கு, அடியில லிக்விட் பாரஃபின் இல்லேன்னா டி.ஓ.பி.ங்கற வாசமில்லாத ரசாயன எண்ணெய் ஊத்தி வர்றதுதான் அதிகம். அது எண்ணெயாட்டம் தோல்ல இருக்கும், வாசம் இருக்காது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,500–4,000 கிலோ பூ வேணும். நூறு ரூபாய்க்கு அசல் ரூஹ் குலாப் (ரோஜா எண்ணெய்)னு யார் குடுத்தாலும் நம்பாதீங்க. செயற்கைன்னு சொல்லியே விக்கிற நல்ல சரக்கு அதைவிட மேல்.

ஜவ்வாதையும் மறந்துடாதீங்க. ரவையளவு எடுத்து உள்ளங்கையில ஒரு சொட்டு தண்ணில குழைச்சு மார்புல தடவினா மரவாசம் உள்ள எந்த சென்டுக்கும் அருமையான அடி. கடல் காத்து மாதிரி குளிர்ந்த ரக சென்டுகளோட சேராது. வெள்ளைச் சட்டையில பட்டா மஞ்சள் விடும்.

கண்ணாடிக்குப்பி | #10

பாட்டிலுக்குள்ளேயே வலு சேர்க்க வேண்டும் என்றால் கிளிசரினுக்குப் பதில் சரியான பொருள்கள் இருக்கின்றன. வாசனைப் பொருள் விற்கும் கடைகளில் ஐசோ ஈ சூப்பர், அம்ப்ராக்ஸன் என்ற இரண்டு செயற்கை வாசனைப் பொருள்கள் கிடைக்கும். மொத்தப் பாட்டிலில் கை வைக்காதீர்கள். அடியில் வால்வு உள்ள 10 மி.லி. டிராவல் அட்டமைசரில் (சின்ன ஸ்ப்ரே குப்பி) தனியாக எடுத்துச் செய்யுங்கள்.

9.5 மி.லி. சென்டுக்கு 0.3 மி.லி. ஐசோ ஈ சூப்பர். அளக்க ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சு. இது ஏறத்தாழ 3 சதவீதம். மெல்லிய தேவதாரு வாசம் அடியில் வரும், மேலே உள்ளதைக் கெடுக்காது. மூடி ஆட்டி ஒரு வாரம் இருட்டில் வையுங்கள்.

அம்ப்ராக்ஸன் படிகமாக வரும். 1 கிராமை 9 கிராம் பெர்ஃப்யூமர் ஆல்கஹாலில் போட்டு, பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கரைசலில் 0.1 மி.லி. மட்டும் முதலில். அதிகமானால் சிட்ரஸின் துள்ளல் போய் ஒரே தட்டையான, மூக்கை உறுத்தும் வாசம் வரும். சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே 0.1, 0.1 ஆக ஏற்றுங்கள்.

இந்த இரண்டையும் போட்டவருக்கே அடிக்கடி தெரியாமல் போகும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கலக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு 2006இல் வந்த மாலிக்யூல் 01 என்ற சென்ட் இருக்கிறது. அதில் இருக்கும் வாசனைப் பொருளே ஐசோ ஈ சூப்பர்தான். சிட்ரஸுக்கு அடியில் இரண்டு ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம்.

சானிட்டைசர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எதையும் கலக்கப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் நெடி வாசத்தைக் கொன்றுவிடும்.

ஷார்ஜா_சலீம் | #11

வளைகுடாப் பக்கம் அரபிகள் செய்றது மூணு அடுக்கு. முதல்ல பகூர்ங்கற வாசனைக் கட்டைப் புகை, அப்புறம் ஊத் (அகில்) எண்ணெய், கடைசியா ஸ்ப்ரே. நம்ம வீட்டுல சாம்பிராணியை வச்சும் இதைச் செய்யலாம். சாம்பிராணிப் பிசினும் வாசத்தை நிறுத்திவைக்கிற சரக்குதான். தணல் மேல அரை டீஸ்பூன் பொடி போட்டு, முதல் கரும்புகை அடங்கினதும் சட்டையை அரை மீட்டர் உசரத்துல 5 நிமிஷம் தொங்க விடுங்க. பருத்தி மட்டும். பாலியஸ்டர் ஒரு பொறி பட்டாலே உருகிடும். தணல் அணைஞ்சு, துணியை வேற அறைக்குக் கொண்டுபோன அப்புறம்தான் சென்ட் அடிக்கணும். ஆல்கஹாலும் தணலும் ஒரே இடத்துல இருக்கவே கூடாது. வெறும் சிட்ரஸோட புகை ஒட்டாது அண்ணே. ரோஜா, சந்தனம், மசாலா வாசங்களுக்கு இது அமைப்பா இருக்கும்.

வடபழனி_வாசு | #12

ஒரு சந்தேகம். அதே பேர், அதே பாட்டில். முன்னாடி வந்த மாதிரி இப்ப வர்றது நிக்கல. டூப்ளிகேட்டா?

ஆவியழுத்தம் | #13

அசல் கடையில் வாங்கியதென்றால் டூப்ளிகேட்டாக இருக்கவேண்டியதில்லை, வாசு. ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் ஓக்மாஸ் என்ற மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால், கூடவே லைரல் என்ற செயற்கை வாசனைப் பொருள் ஆகியவற்றைத் தடை செய்தது. 2019 ஆகஸ்ட் முதல் அவை உள்ள புதுச் சரக்கு சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்ட்டுக்குள் கடைகளிலிருந்தும் எடுக்க வேண்டும் என்றது. 2022 மார்ச்சில் லிலியல் என்ற இன்னொரு செயற்கை வாசனைப் பொருளும் போனது. ஓக்மாஸ் பழைய ஷீப்ர் வகைச் சென்டுகளுக்கு (மேலே சிட்ரஸ், அடியில் பாசி வாசம்) அடித்தளம். அதைச் சுத்திகரித்தோ மாற்றியோ போட வேண்டி வந்ததால் பல சென்டுகளின் செய்முறையே மாறிவிட்டது. அட்டைப்பெட்டியில் உள்ள பொருள் பட்டியலைப் பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் மாறியதா என்று தெரிந்துவிடும்.

சிட்ரஸ் அத்தர் போடுகிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. பிழிந்து எடுத்த பெர்கமாட் (ஒரு வகை எலுமிச்சை இனப் பழம்), லைம் எண்ணெய்களில் பெர்கப்டன் என்ற பொருள் இருக்கும். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து, பிறகு கருப்புத் திட்டாகி மாதக்கணக்கில் மறையாது. கம்பெனி சென்டுகளில் இதைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். சில்லறையில் வாங்கும் எண்ணெயில் அந்த உறுதி இல்லை. பைக்கில் போகிறவர் அதைக் கழுத்தில் பூசக்கூடாது, சட்டைக்குள் மறையும் இடத்தில்தான் பூச வேண்டும்.

பெரம்பூர்_கார்த்தி | #14

சோதனை செஞ்சு பாக்கறேன் சார். எத்தனை ஸ்ப்ரேன்னு ஒரு கணக்கு சொன்னா நல்லாருக்கும்.

நெய்தல் | #15

ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 0.1 மி.லி. வரும். உங்கள் ஈ.டி.டி.க்கு மார்பில் 2, பிடரியில் 1, சட்டை உள்பக்கம் 2. ஈ.டி.பி. என்றால் மொத்தம் 3–4, எக்ஸ்ட்ரே என்றால் 2. பைக்கில் போவதால் பிடரி ஸ்ப்ரேயை மட்டும் ஆபீஸ் போய் இறங்கியபின், வேர்வையைத் துடைத்துவிட்டு அடியுங்கள். காலையிலேயே அடித்தால் காற்றுக்குப் போகும். 5 மி.லி. அட்டமைசர் ஒன்று பையில் இருக்கட்டும், மதியம் கைக்குட்டையில் ஒரு ஸ்ப்ரே. மூடிய ஏசி அறையில் ஆஸ்துமா உள்ளவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், எண்ணிக்கையை ஏற்றும் முன் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி | #16

நெய்தல் அக்கா, கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டும்போது எப்படி? தலையில மல்லிகைப்பூவும் இருக்கும்.

நெய்தல் | #17

பட்டில் நேராக அடிக்காதீங்க தேன்மொழி. ஆல்கஹால் சாயத்தை இழுத்துத் திட்டு விடும், ஜரிகை கறுக்கும். புடவை கட்டும் முன் ரவிக்கையின் பருத்தி லைனிங்கிலும் உள்பாவாடையின் இடுப்புப் பக்கத்திலும் ஒவ்வொரு ஸ்ப்ரே, முழுக்கக் காய்ந்த பிறகு புடவை. முத்து, கவரிங் நகை எல்லாம் சென்ட் காய்ந்தபின்தான் போட வேண்டும்.

மல்லிகை தலையில் இருக்கும்போது பூவாசச் சென்ட் வேண்டாம். அசல் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூச்சென்டும் நிற்காது, இரண்டும் சேர்ந்தால் தலைவலிதான் வரும். அடியில் சந்தனம் மட்டும் பூசுங்கள். மல்லிகை வாசம் அதன்மேல் நன்றாக ஏறும், மாலையில் பூ வாடிய பிறகும் சந்தனம் இருக்கும்.